எழுத்துக்கு முந்திய பாடம்

எழுதக் கற்பித்தல் என்றவுடன் சிலேட்டையும் அரிச்சுவடியையும் நினைப்பதே நம் நாட்டில் வழக்கம். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதும் மாணவன் தேர்ந்தவன் எனப்படுகிறான். ஆனால், நேற்றுப் பெய்த மழையைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் அவனே திகைத்து நிற்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். இக்குறையின் வேரைப் பள்ளிக்கு முந்திய பருவத்திலும் தேடவேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரில், வால்டர் லோபன் என்னும் கல்வி ஆராய்ச்சியாளர் 1953-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மழலையர் வகுப்பிலிருந்த 338 குழந்தைகளின் மொழி வளர்ச்சியை 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் குறித்து வந்தார். இறுதிவரை தொடர்ந்தோர் 211 பேர். எழுதப் படிக்கக் கற்குமுன்பே பேச்சில் சிறந்து விளங்கியோர், 6-ஆம் வகுப்பில் படிப்பிலும் எழுத்திலும் பொதுவாக முன்னின்றனர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று.

இதனால் பேச்சுத்திறன் ஒன்றே காரணம் என முடிவு கட்டலாகாது. குடும்ப நிலையும் இவ்வேறுபாட்டுடன் பின்னிக் கிடந்தது. ஆயினும், இத்தொடர்பு விளங்காத புதிரன்று. எழுத்துக்குக் கைப்பழக்கமும் வேண்டும், கருத்தும் வேண்டும். எதை முதலில் சொல்வது, எதை எதனோடு இணைப்பது என்னும் தெளிவு, கதை கேட்டும், கண்டதைக் கூறியும், 'ஏன்' என வினவியும் பழகிய குழந்தைக்கு எளிதில் வாய்க்கிறது. எழுதுகோலை உறுதியாகப் பிடிக்க இயலாத விரல்களுக்கு முன்னரே நா ஆயத்தமாகிவிடுகிறது.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வியையும் தன் பணியாகக் கொண்டது. ஆனால், 'பிள்ளை இன்னும் எழுதவில்லையே' என வினவும் பெற்றோருக்காக அங்கன்வாடி நேரத்தை எழுத்துப் பயிற்சியிலேயே செலவிடுவது, விதைக்குமுன் அறுவடையை நாடுவதாகும். அத்தகைய பெற்றோருக்குக் காரணத்தை எடுத்துரைப்பதும் ஊழியரின் கடமையே.

குழந்தை பேசும் மொழி வீட்டு மொழியாக இருத்தலும் இன்றியமையாதது. ஒடிசா மாநிலம் சந்தாலி, சவரா, குயி முதலிய பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியளிக்க முற்பட்டதன் பொருள் இதுவே. வீட்டு மொழி இழிந்ததென்று கருதி அடக்கப்படும் குழந்தை, பேச்சோடு எண்ணத்தையும் அடக்கிக்கொள்ளும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நாள்தோறும் ஒரு கதை, அதைக் குழந்தையே திருப்பிச் சொல்லச் சிறிது நேரம், குறுக்கிட்டுத் திருத்தாமல் கேட்கும் ஒரு செவி ஆகியவை போதும். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்னும் எண்ணத்தை ஆசிரியர்களும் மேற்பார்வையாளர்களும் கைவிடுவார்களாயின், பின்னாளில் பிள்ளைகளின் ஏடுகள் வெறுமையாக இரா.