ரீமிக்ஸ் தப்பில்லைங்க, பாடினவர் பெயரை அழிக்கிறதுதான் தப்பு

1/ நைட் டூட்டி முடிச்சு ஷேர் ஆட்டோவுல வேங்கிக்கால் திரும்பிட்டு இருந்தேன். 'பொன்மகள் வந்தாள்' ரீமிக்ஸ் ஓடுச்சு. பக்கத்துல ஒரு காலேஜ் பையன், "விஜய் பாட்டு சார், செம பீட்"னான். முன்னாடி இருந்த பெரியவர் திரும்பி, "தம்பி, இது சிவாஜி பாட்டுப்பா"ன்னார். அவன் நம்பவே இல்லை.

2/ ரெண்டு பேருமே சொன்னது சரி. 1970-ல 'சொர்க்கம்' படத்துல எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில டி.எம்.சௌந்தரராஜன் பாடினது. 2007-ல 'அழகிய தமிழ் மகன்' படத்துல ஏ.ஆர்.ரஹ்மான் ரீமிக்ஸ் பண்ணினார்.

3/ அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் சினிமாவோட முதல் ரீமிக்ஸ்னு பலரும் சொல்ற 'ஆசை நூறு வகை' (குறும்பு, 2003) வந்தப்போ நான் ஸ்கூல் பையன். யுவன் பாட்டுன்னுதான் நினைச்சேன். 1983-ல 'அடுத்த வாரிசு' படத்துல, இளையராஜா இசையில மலேசியா வாசுதேவன் பாடினதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

4/ "ரீமிக்ஸ் பழைய பாட்டைக் கொல்லுது"ன்னு சொல்றவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 90-கள்ல ஹவுஸ் இசை டிஜேக்கள் ரீமிக்ஸை ஒரு கலையாவே வளர்த்தாங்க. பாப் பாட்டுல இருந்து குரலை மட்டும் தனியா எடுப்பாங்க. கீழே வேற பேஸ், வேற கீபோர்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிக். நிமிஷத்துக்கு சுமார் 120. ஓடி வந்து ஓபியில நிக்கிறவரோட நாடி மாதிரி.

5/ உதாரணம்: 'எவ்ரிதிங் பட் த கேர்ள்'ங்கிற இங்கிலாந்து ஜோடி 1994-ல 'மிஸ்ஸிங்'னு ஒரு பாட்டு போட்டாங்க. பெரிசா போகலை. நியூயார்க் டிஜே டாட் டெரி அதே குரலை வச்சு ரீமிக்ஸ் பண்ணினார். அமெரிக்காவுல 2-ஆம் இடம் வரை போச்சு. ஜோடியோட பெயரும் இருந்துச்சு, டிஜே பெயரும் இருந்துச்சு. செத்துட்டதா நினைச்ச பாட்டு பிழைச்சுது.

6/ இப்போ மறுபக்கம். லொலீட்டா ஹாலோவே 1980-ல பாடின 'லவ் சென்சேஷன்'ல இருந்து குரலை வெட்டி எடுத்து, 'பிளாக் பாக்ஸ்'ங்கிற இத்தாலி ஹவுஸ் குழு 1989-ல 'ரைட் ஆன் டைம்' போட்டாங்க. பிரிட்டன்ல 6 வாரம் முதலிடம். வீடியோவுல வாயசைச்சது ஒரு மாடல். பாடினவங்க பெயரைப் போடலை. அடுத்த வருஷம் மார்த்தா வாஷ்ங்கிற பாடகிக்கும் இதே கதை: குரல் இவங்களோடது, வீடியோவுல முகம் வேற ஒருத்தரோடது. அவங்க கோர்ட்டுக்கே போக வேண்டியதாச்சு.

7/ எங்க வார்டுல, எனக்கு முன்னாடி டூட்டி பார்த்தவர் கேஸ் ஷீட்ல எழுதினதை நான் அழிக்க முடியாது. கீழே தேதி, நேரம் போட்டு, என் குறிப்பை எழுதி, கையெழுத்துப் போடணும். மருந்தை மாத்தலாம். ஆனா முன்னாடி யார் என்ன பண்ணினாங்கன்னு அந்தத் தாள்ல இருந்தே ஆகணும். ரீமிக்ஸும் அப்படித்தான் இருக்கணும்கிறேன்.

8/ நம்ம சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கு. 2012 காப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம், சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வர்ற ராயல்டி பங்கை, எழுதினவரும் இசையமைச்சவரும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துட முடியாது.

9/ பணம் சட்டத்துல வரும். பெயர் பழக்கத்துலதான் வரும். 2024 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலமா ரஹ்மான் கொண்டு வந்தார். குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததா பொதுவெளியிலேயே சொன்னார். குரலையே மெஷின் செய்யுற காலத்துல இதுதான் குறைந்தபட்ச மரியாதை.

10/ நாம பண்ண வேண்டியது சின்ன விஷயம். ரீமிக்ஸுக்கு ரீல்ஸ் போடுறீங்களா? தாராளமா போடுங்க. கீழே ஒரு வரி: முதல்ல பாடினவர், இசையமைச்சவர், எழுதினவர். கல்யாண மேடை மைக்லயும் அப்படியே சொல்லுங்க. அந்த ஆட்டோ பெரியவர் வேலையை நாம ஆளுக்குக் கொஞ்சம் பார்த்தா போதும்.