கசுலே: எது அசல்?

தென் பிரான்சின் லாங்கதாக் வட்டாரத்துக் குடியானவர் உணவாகிய கசுலேயில் சேர்வன எளியவை: வெள்ளை பீன்ஸ், பன்றி சாசேஜ், தன் கொழுப்பிலேயே வெந்த வாத்துக்கறி, பன்றித்தோல், பூண்டு. ஆயினும் அதன் 'அசல்' எது என்பதில் கஸ்தெல்நொதாரி, கர்க்கஸோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் நெடுங்காலமாகப் பிணங்கி நிற்கின்றன. சமையற்கலைஞர் ப்ரோஸ்பர் மோந்தாஞே இவற்றை முறையே பிதா, சுதன், பரிசுத்த ஆவி என உவமித்து வழக்கைத் தீர்க்க முயன்றார், தீர்ந்தபாடில்லை.

கஸ்தெல்நொதாரிக்கு ஒரு தலபுராணமே உண்டு. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, ஊரார் எஞ்சிய பயறையும் இறைச்சியையும் ஒரே பானையிலிட்டுச் சமைத்தனராம். அதை உண்ட வீரர் பகைவரை விரட்டியடித்தனராம். வரலாறோ வேறு. 1355இல் கறுப்பு இளவரசன் எனப்பட்ட எட்வர்டின் படை அவ்வூரைத் தீக்கிரையாக்கியது. மேலும், இன்று அப்பானையில் வேகும் பீன்ஸ் அமெரிக்கப் பயிர். கொலம்பஸ் 1492இல் கடல் கடப்பதற்கு முன் ஐரோப்பா அதனை அறியாது. ஆக, அசலின் நடுநாயகமே வந்தேறி!

இதனால் கசுலேக்கு இழுக்கு நேர்ந்ததா? இல்லை என்றே கருதுகிறோம். நம் குழம்பின் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான்; சங்கப் பாடல்களில் 'கறி' என்பது மிளகு. மிளகாயை அந்நியம் என்று நாம் எவரும் இலையிலிருந்து ஒதுக்குவதில்லை. ஆனால் சொல்லிலும் மனிதரிலும் மட்டும் பூர்விகம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

எனில் மரபு எங்கே இருக்கிறது? வீட்டில் ஒருமுறை சமைத்தால் விளங்கும். பீன்ஸை முதல்நாள் இரவே ஊறவைத்து, நன்கு கொதித்த முதல் நீரை வடித்துவிட்டு, புதுநீரில் வேகவைக்க வேண்டும். சாசேஜைச் சிவக்க வறுத்து, பீன்ஸும் இறைச்சியுமாக அடுக்கி, இளஞ்சூட்டு ஓவனில் மூன்று மணிநேரமேனும் விடவேண்டும். மேலே படியும் பொருக்கை அவ்வப்போது உடைத்து உள்ளே அமிழ்த்த வேண்டும், ஏழுமுறை என்பர். வாயகன்று அடிசிறுத்த 'கசோல்' என்னும் மட்சட்டியே உணவுக்குப் பெயர் தந்தது. அகன்ற வாயினால் பொருக்கும் மிகுதி.

கசோல் இல்லையேல் நம் மண்சட்டி போதும். வாத்து கிட்டாதேல் கோழித்தொடை இடலாம். ஊர்ப்பெயரைச் சொல்லி இம்மாற்றங்களைப் பழிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அரைமணியில் பிரஷர் குக்கரில் இறக்கிவிட்டு அதையும் கசுலே என்போரிடம்தான் நமக்கு வழக்கு. பண்டங்கள் மாறிமாறி வந்திருக்கின்றன; காத்திருத்தல் ஒன்றே அங்கு மாறாமல் கைமாறி வந்திருக்கிறது.