பாடநூலில் உள்ள மின்தேக்கி

இரண்டு உலோகத் தகடுகள். அவற்றினிடையே காற்று அல்லது அபிரகம். பௌதிகப் பாடநூல்களில் மின்தேக்கி பெரும்பாலும் இவ்வாறே அறிமுகமாகிறது. அதில் ஏற்றிய மின்னூட்டம் எந்நாளும் குறைவதில்லை. முனைகளைக் கம்பியால் இணைத்தால் எச்சமின்றி நீங்கிவிடுகிறது. கணக்குப் போடுவதற்கு இதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடையில் விற்கும் மின்தேக்கி எதுவும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை என்பதை மாணவன் பாடநூலிலிருந்து அறிவது அரிது.

நூல்கள் முற்றிலும் வாய்மூடி இருக்கின்றன எனக் கூறுவது நியாயமாகாது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு நூல், தகடுகளின் ஓரத்தில் மின்புலக் கோடுகள் வெளிப்புறமாக வளைவதைக் குறிப்பிடுகிறது. மின்னூட்டிய மின்தேக்கியை அதே அளவுள்ள வெறும் மின்தேக்கியுடன் இணைத்தால் ஆற்றலில் பாதி இழக்கப்படுவதையும் கணக்கிட்டுக் காட்டி, அது வெப்பமாகவும் மின்காந்த அலையாகவும் சென்றது என விளக்குகிறது. தடையே இல்லாத கம்பியில் வெப்பம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவனை அதட்டி உட்கார வைக்கலாகாது.

அதிகம் புறக்கணிக்கப்படுவது எச்ச மின்னூட்டமே. லேடன் ஜாடியை ஒருமுறை மின்னிறக்கிச் சற்று நேரம் விட்டுவைத்தால் அதிலிருந்து மீண்டும் ஒரு சிறு பொறி கிடைக்கும். கோல்ராஷ் 1854-இல் இதனை ஆராய்ந்தார். 1873-இல் வெளிவந்த தம் பெருநூலில் மாக்ஸ்வெல் இதற்கு விளக்கம் தந்தார்: மின்காப்புப் பொருள் வெவ்வேறு இயல்புள்ள அடுக்குகளால் ஆனதாயின் அவை ஒரே வேகத்தில் மின்னூட்டத்தை ஏற்பதில்லை, விடுவதுமில்லை. உயரழுத்த மின்தேக்கிகளைக் கிடங்கில் வைக்கும்போதும் முனைகளைக் கம்பியால் இணைத்தே வைப்பதன் காரணம் இதுதான். மின்னிறக்கியாயிற்று என நம்பித் தொட்டவரின் உயிருக்கே அது ஆபத்தாகக் கூடும்.

ஆய்வுக்கூடத்தில் நேரும் கேடு வேறு வகையானது. 1 மைக்ரோபாரடு மின்தேக்கியை 10 மெகா ஓம் தடையுள்ள வோல்ட்டுமானியால் அளந்தால், அந்தக் கருவியே பத்து விநாடிகளில் மின்னழுத்தத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். இதனை யாரும் சொல்லித் தராதபோது, மாணவன் தவறு தன்னுடையதே என எண்ணுகிறான். நூலிலுள்ள வளைகோட்டுக்கு இசைய எண்களைத் திருத்தி ஏட்டில் எழுதுகிறான். விஞ்ஞானக் கல்வியில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பர். புதிய அத்தியாயம் எதுவும் வேண்டியதில்லை. 25 வோல்ட்டு தாங்கக்கூடிய 1000 மைக்ரோபாரடு மின்பகுப்பு மின்தேக்கி ஒன்றை, முனை மாறாமல் இணைத்து, 10 வோல்ட்டில் சில நிமிடங்கள் வைத்திருக்கட்டும். பின்னர் அதனை மின்கலத்திலிருந்து விலக்கி, முனைகளைத் தக்கதொரு தடையின் வழியே சில விநாடிகள் இணைத்து விடுவிக்கட்டும். வோல்ட்டுமானியின் எண் மெல்ல மேலேறுவதை வகுப்பு முழுவதும் காணலாம். உறையின்மேல் 1000 என அச்சிட்டிருப்பினும், இருபது விழுக்காடு வேறுபாடு அனுமதிக்கப்பட்ட வகையாயின் உண்மை அளவு 800 முதல் 1200 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனையும் அப்பொழுதே அளந்து பார்க்கலாம்.