பரிமாறிய பாட்டிமார்

நம் சங்கத்துக் குடும்பங்களில் மூதாட்டி ஒருவர் காலமானால் இவ்விதழில் நான்கு வரி அச்சாகிறது. பேரன் பேத்திகளிடம் பேரன்பு கொண்டவர், தெய்வபக்தி மிக்கவர், விருந்தோம்பலில் சிறந்தவர் என்றிருக்கும். எல்லாம் மெய்யே. ஆயினும் அவ்வம்மையார் பல்லாண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்பது அவ்வரிகளில் இராது. அதிலும், பிறர்க்குச் சோறு பரிமாறிச் சம்பளம் பெற்றவரென்றால் அதைச் சொல்ல வீட்டாரே கூசுவர். தாத்தா வகித்த பதவி மட்டும், அவர் ஓய்வு பெற்ற ஆண்டு முதற்கொண்டு தவறாமல் அச்சேறிவிடும்.

இந்தக் கூச்சத்தைக் காணுந்தோறும் அமெரிக்காவின் 'ஹார்வி பெண்கள்' நம் நினைவுக்கு வருகின்றனர். ரயில்வே குமாஸ்தாவின் புத்தி தண்டவாளத்தின் மேல்தானே ஓடும்! வாசகர்கள் இத்திங்கள் நம்முடன் அந்நாட்டுக்குச் சற்றுச் சென்று திரும்பவேண்டும்.

ஓடும் வண்டியிலேயே உணவு கிடைக்கும் வசதி பரவாத காலம் அது. மேற்கு நோக்கிச் செல்லும் பிரயாணிகள் வழியிலுள்ள நிலையங்களில் இறங்கி, அகப்பட்டதை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவந்து ஏறவேண்டும். காசை வாங்கிக்கொண்ட பின், தட்டில் கைவைக்குமுன்னரே வண்டியைக் கிளப்பச் செய்து, மிஞ்சியதை அடுத்த வண்டிக்காரர்களுக்கு விற்ற கடைக்காரர்களும் உண்டென்று கூறுவர். இந்நிலையை மாற்றியவர் பிரெட் ஹார்வி. லண்டனில் 1835-இல் பிறந்து, இளம் வயதிலேயே கப்பலேறி, நியூயார்க் உணவு விடுதியொன்றில் பாத்திரம் தேய்த்தவர். பிற்பாடு ரயிலில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாகவும் சரக்கு ஏஜெண்டாகவும் இருந்தவர். நம் இனத்தவர் என்று நாம் சிறிது பெருமை கொள்ளலாம். 1876-இல் சாண்டா ஃபே ரயில்வேயின் டொபீகா நிலையத்தில் தம் முதல் உணவுச்சாலையைத் திறந்தார்.

1883-இல் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ராட்டன் நிலையத்தில் பரிமாறும் ஆண்களுக்குள் அடிதடி மூண்டது. ஹார்வி அவர்களை நீக்கினார். அவர்கள் இடத்தில் பெண்களை அமர்த்தலாமே என்று புதிய மேலாளர் யோசனை கூறினார். பதினெட்டு முதல் முப்பது வயதுக்குட்பட்ட, நன்னடத்தையுள்ள பெண்கள் தேவை எனக் கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. மாதச் சம்பளம் 17½ டாலர். உணவும் தங்குமிடமும் இலவசம். விருந்தினர் தரும் இனாம் தனி. இத்தனை மாதம் இருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதித் தரவேண்டும். கறுப்பு உடை, வெள்ளை முன்றானை, முகப்பூச்சுக் கூடாது, இரவு பத்து மணிக்குள் விடுதிக்குள் அடங்கவேண்டும். அந்நாளில் உணவுச்சாலையில் பரிமாறும் பெண்ணை அந்நாட்டாரும் மதித்தாரில்லை. ஆகவே பெண்ணை அனுப்பத் தயங்கிய வீடுகள் பல. எனினும் ஒரு பெட்டியுடன் புறப்பட்டவர்கள் வந்துகொண்டேயிருந்தனர். முன்பின் அறியாத ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போவதென்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் செய்த வேலைதான் என்ன? வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஊழியர் பெட்டி பெட்டியாகச் சென்று, உணவுக்கூடத்தில் அமர்வோர் எத்தனை பேர், முகப்பில் சிற்றுண்டி உண்போர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வார். அக்கணக்கு தந்தி மூலம் முன்னே செல்லும். (நம் நாட்டில் தந்தி 2013-இல் விடைபெற்றது. இருந்திருந்தால் இந்த வேலைக்கு இன்றும் உதவும் என்பது நம் அபிப்பிராயம்.) வண்டி நெருங்கும்போது ஊதல் ஒலிக்கும். நிலையத்தில் சேகண்டி முழங்கும். பிரயாணி உள்ளே வந்து அமரும்போது முதல் பதார்த்தம் மேசைமேல் தயாராயிருக்கும். வண்டி நிற்பது முப்பது நிமிடம். அதற்குள் பல வகை உணவு, பழம், இனிப்பு, காப்பி யாவும் முடியவேண்டும். யாரையும் அவசரப்படுத்தியதாகவும் தோன்றக்கூடாது! மற்றையோர் ஆறாக அறுக்கும் 'பை' என்னும் பழப்பண்டத்தை அங்கே நான்காகத்தான் அறுப்பர்.

ஒரு நுட்பம் கேளுங்கள். பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் காப்பியா, தேநீரா, பாலா என்று கேட்டுக்கொண்டு, அவர் முன்னிருக்கும் கோப்பையைச் சிறிது மாற்றி வைத்துவிட்டுப் போவாள். நிமிர்ந்த கோப்பை என்றால் காப்பி. கவிழ்த்த கோப்பை என்றால் சூடான தேநீர். கவிழ்த்துத் தட்டின்மேல் சாய்த்திருந்தால் குளிர்ந்த தேநீர். கவிழ்த்துத் தட்டுக்கு அப்பால் வைத்திருந்தால் பால். பின்னால் வருபவள் வாய் திறவாமல் அவரவர்க்கு உரியதை ஊற்றிச் செல்வாள். "நான் கேட்டது இவளுக்கு எப்படித் தெரிந்தது?" என்று பிரயாணி வியப்பார். நம் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு இத்தனை தெளிவாகப் போய்ச் சேருமானால் நாம் மாலை ஐந்து மணிக்கே வீடு திரும்பலாம்.

1883 முதல் 1950-களின் இறுதிவரை ஏறக்குறைய 1,00,000 பெண்கள் இவ்வேலை பார்த்தனர் என்று மதிப்பிடுகின்றனர். வீட்டுக்குப் பணம் அனுப்பித் தம்பி தங்கையரைப் படிக்கவைத்தவர் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ரயில்வேக்காரரையே மணந்து அவ்வூரிலேயே தங்கியவர் உண்டு. ரயில்வே தந்த இலவசப் பாஸில் ஊர் ஊராக மாறி, தலைமைப் பணிப்பெண்ணாகி, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவரும் உண்டு. எல்லாம் பொற்காலம் என்று நாம் எழுதமாட்டோம். வேலை நேரம் நீண்டது, கண்டிப்பு மிகுதி. கறுப்பினப் பெண்களுக்கு அவ்வேலை பெரும்பாலும் கிட்டவில்லை.

மோட்டார் வண்டியும், ரயிலிலேயே இணைத்த உணவுப் பெட்டியும் பெருகவே பல சாலைகள் மூடப்பட்டன. அப்போது இரண்டாம் உலகப்போர் வந்தது. படைவீரர்களை ஏற்றிய வண்டிகள் அப்பாதையில் இரவும் பகலும் ஓடின. மூடிய சாலைகள் சில மீண்டும் திறக்கப்பட்டன. பழைய ஹார்வி பெண்களுக்கு அழைப்புப் போயிற்று. மணமாகி மக்களைப் பெற்றுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் மறுபடியும் வெள்ளை முன்றானை கட்டினர். ஒரு காலத்தில் நாகரிகப் பிரயாணிகளுக்குப் பரிமாறியவர்கள், இப்போது பிள்ளை வயதுடைய சிப்பாய்களுக்குப் பரிமாறினர். இச்சரித்திரத்தில் நம் மனத்தைப் பெரிதும் தொட்ட பகுதி இதுவே. இப்பெண்களின் பெயரிலேயே 1946-இல் ஜூடி கார்லண்டு நடித்த திரைப்படம் வெளிவந்தது. அதன் ரயில் பாட்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. பாட்டுக்காகக் காணலாம், வேலையை அறிய அது போதாது. அதற்கு லெஸ்லி போலிங்-கெம்ப்ஸ் என்ற அம்மையார் 1989-இல் வெளியிட்ட நூலே தக்கது. முதுமையடைந்திருந்த ஹார்வி பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதினார். அவர் கேட்டிராவிடில் கோப்பைச் சங்கதிகள் பல பாட்டிகளோடு போயிருக்கும். அரிசோனாவின் வின்ஸ்லோ நிலையத்தில் 1930-இல் திறந்து 1957-இல் மூடிய 'லா பொசாடா' என்ற ஹார்வி விடுதி, 1997-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. "எங்கள் பாட்டி ஒரு ஹார்வி பெண்" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அந்நாட்டில் இன்று உண்டு.

நம்மவரிடையேயும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. கணவனை இழந்து, பாஷை தெரியாத பட்டணத்துக்கு வந்து, மெஸ்ஸிலும் காண்டீனிலும் மாணவர் விடுதியிலும் பந்திக்குப் பந்தி பரிமாறிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தனர். யாருக்கு ரசம் தெளிவாக வேண்டும், யாருக்கு மோர் கூடாது, எவன் மாதக் கடைசியில் பசியோடு எழுந்திருப்பான் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இது அன்பு, இதுவே தொழிலும். பேரனுக்குப் பிசைந்து ஊட்டியதை எழுதும் நாம் மற்றதையும் எழுதலாமே.

ஆசிரியரிடம் பேசினோம். இனி மறைவுச் செய்தி அனுப்பும் குடும்பத்தார்க்கு நான்கு வரியோடு இரண்டு வரி கூடுதலாகத் தர இசைந்துள்ளார். அம்மையார் எந்த ஊரில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார், ஒரு பந்திக்கு எத்தனை இலை, முதல் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவரை எழுதி அனுப்புக. உயிரோடிருக்கும் பாட்டிமாரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நலம். கூடுதல் வரிக்குக் கட்டணம் இல்லை.