மனு போதும், கேள்வி எழுதுவோம்

நம்ம உழவர்களைப் போல மனு கொடுத்துக் களைத்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. தாலுகா ஆபீஸில் மனு, ஜமாபந்தியில் மனு, மாதாந்திர குறைதீர் கூட்டத்தில் மனு, அமைச்சர் வந்தால் கார் பக்கத்தில் ஓடி ஒரு மனு. எங்கள் மங்களூர் ஒன்றியம் கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்குப் போய்வர ஒரு நாள் பொழுது சரியாப் போயிடும். அங்கே ரெண்டு நிமிஷம் மைக் கிடைக்கும். ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வரும். அடுத்த மாதம் அதே மனு, அதே பதில்.

மனு கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனு தயவு கேட்கிறது, கேள்வி கணக்குக் கேட்கிறது. அந்தக் கணக்கை அமைச்சரிடமே கேட்க ஒரு இடம் இருக்கிறது. சட்டமன்றம் கூடினால் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நாடாளுமன்றத்திலும் தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே அமைச்சர் சொல்லும் பதில் அச்சாகி அவைக் குறிப்பில் நிற்கும். தப்பாகச் சொன்னால் திருத்தியாக வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் உரிமை மீறல். கலெக்டர் ஆபீஸ் ஹாலில் ஒரு அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு இந்தக் கனம் கிடையாது.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1892 சட்டம்தான் முதலில் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுத்தது. ஆனால் துணைக்கேள்வி கேட்கக் கூடாது. 1909-ல் கேள்வி கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றார்கள். அப்புறம்தான் மற்றவர்களுக்கும் அந்த உரிமை வந்தது. ஏன் அவ்வளவு தயங்கினார்கள்? முதல் கேள்விக்குப் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ரெண்டாவது கேள்வியில்தான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளிச்சத்துக்கு வரும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். குறியில்லாத கேள்விகள் 230. இவற்றுக்கு எழுத்தில் பதில். குறைந்தது 15 நாள் முன்னாடியே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் துறைச் செயலாளரில் ஆரம்பித்து கீழே பிளாக் ஆபீஸ் வரை ‘என்ன விவரம்’ என்று கேட்டு ஓலை போகும். ஒரு கேள்வி ஒரு துறையையே ஃபைலைத் தேட வைக்கும்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். அதனால் ஒரு பழைய கேள்வி எப்போதும் ஞாபகத்தில் இருக்கும். 1956-ல் எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. அடுத்த வருஷமே முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. மக்களவையில் கேள்வி வந்தபோது முதலில் கிடைத்தது பிடிகொடுக்காத பதில். கேட்டவர்கள் விடவில்லை. பெரோஸ் காந்தி 1957 டிசம்பரில் ஆதாரங்களோடு விஷயத்தை எழுப்பினார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவுக்கு மருமகன். சாக்ளா ஆணையம் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கேள்வியில் வார்த்தை முக்கியம். ‘பெரிய முதலாளிகள் கடனைத் தள்ளுபடி செய்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சுலபமாகப் பதில் வந்துவிடும். அது பொய்யும் இல்லை. வங்கியில் ‘வெய்வர்’ வேறு, ‘ரைட் ஆஃப்’ வேறு. வெய்வர் என்றால் கடன்காரன் கட்ட வேண்டியதில்லை. ரைட் ஆஃப் என்றால் வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து கடனை எடுத்துவிடும், ஆனால் கடன்காரன் பொறுப்பு தீராது. சரியான வார்த்தையைப் போட்டு, எத்தனை வருஷம், யாருக்கு, எவ்வளவு என்று கேட்டதால்தான் 2023 ஆகஸ்டில் மக்களவையில் கணக்கு வெளியே வந்தது. 2014-15 முதல் ஒன்பது ஆண்டில் ரைட் ஆஃப் ஆனது சுமார் 14.56 லட்சம் கோடி. அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது சுமார் 7.4 லட்சம் கோடி. ரைட் ஆஃப் ஆன கடன்களில் வசூலானது 2 லட்சம் கோடியை ஒட்டித்தான். பயிர்க்கடன் தள்ளுபடி என்றால் ‘நாடு திவாலாயிடும்’ என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பதிலைத்தான். அமைச்சர் வாயாலே வந்த கணக்கு. யாரும் மறுக்க முடியாது.

கேள்வி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் உண்டு, துணைக்கேள்வி கிடையாது. அதே கூட்டத் தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்களும் நிறைவேறின. மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே காரியம் முடிந்தது. ஒரு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பர் 29 அன்று, விவாதமே இல்லாமல், சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். மறுநாள் மக்களவையில், போராட்டத்தில் இறந்த உழவர்கள் குடும்பத்துக்கு உதவி உண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தது. வேளாண் அமைச்சகத்திடம் இது பற்றிப் பதிவு எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கேள்வியே எழவில்லை என்றது அந்தப் பதில். போராட்ட அமைப்புகள் 700 பேருக்கு மேல் பட்டியல் வைத்திருந்தன. அரசிடம் லெட்ஜரில் பதிவு இல்லை, அதனால் சாவும் இல்லை!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அரசு தன் ஏட்டிலிருந்துதான் பதில் சொல்லும். நம்ம ஏட்டை நாமே எழுதி, அதைக் கேள்விக்குள் வைத்து அனுப்பினால்தான் ‘பதிவு இல்லை’ என்று தப்பிக்க முடியாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். முன்பு மங்களூர் என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2001-ல் தொல்.திருமாவளவன் இங்கிருந்துதான் பேரவைக்குப் போனார். தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் போய், 2011 தேர்தலிலிருந்து நாம் திட்டக்குடி தொகுதி. 2021-ல் இங்கே வென்ற சி.வெ.கணேசன் தொழிலாளர் நலத் துறை அமைச்சர் ஆனார். குறிஞ்சிப்பாடியில் வென்ற எம்.ஆர்.கே.பன்னீர்செல்வம் வேளாண் துறை அமைச்சர் ஆனார். ஒரே மாவட்டத்துக்கு ரெண்டு அமைச்சர் என்று பட்டாசு வெடித்தோம், சந்தோஷம்தான். ஆனால் அமைச்சரானவர் பதில் சொல்லும் வரிசைக்குப் போய்விடுகிறார். அவர் எழுந்து இன்னொரு அமைச்சரைக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. அதாவது நம்ம உறுப்பினர் அமைச்சரானால், பேரவையில் நம்ம தொகுதியின் கேள்வி கேட்கும் வாய் அடைபடுகிறது. யாரும் இதைப் பேசுவதில்லை.

இதற்கு வழி உண்டு. எந்தத் தொகுதியைப் பற்றியும் எந்த உறுப்பினரும் கேட்கலாம். பக்கத்துத் தொகுதிக்காரர் கேட்கலாம், எதிர்க்கட்சிக்காரர் கேட்கலாம். 234 பேரில் நமக்காகக் கேட்க ஒருத்தர் கிடைக்காமல் போக மாட்டார். மத்திய அரசு விஷயம் என்றால் எம்.பி. இருக்கிறார். அவர்கள் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும்தான். 2018-ல் படைப்புழு வந்தது முதல் விவசாயிக்குத் தூக்கம் போச்சு. பயிர்க் காப்பீட்டில் காரிஃப் பயிருக்கு உழவர் பங்கு 2 சதவீதம். 2020 வரை பயிர்க்கடன் வாங்கினாலே பிரீமியத்தைப் பிடித்துவிடுவார்கள், பிறகுதான் விருப்பம் போல என்று ஆனது. கட்டியவர்களில் பலருக்கு இழப்பீடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது நாம் கேட்பது: ‘பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்க அரசு ஆவன செய்யுமா?’ பதில்: ‘அரசின் பரிசீலனையில் உள்ளது.’ முடிந்தது கதை.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘2024-25-ல் மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் மக்காச்சோளத்துக்குக் காப்பீடு செய்தவர்கள் எத்தனை பேர்? கட்டிய பிரீமியம் எவ்வளவு? பயிர் அறுவடைப் பரிசோதனைகள் எந்தெந்த ஊரில், எந்தத் தேதியில் நடந்தன? கிடைத்த சராசரி மகசூல் என்ன? இழப்பீடு பெற்றவர் எத்தனை பேர், எந்தத் தேதியில் கணக்கில் வரவானது? பெறாதவர்களுக்குக் காரணம் என்ன?’ இதற்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்ல முடியாது. பரிசோதனையே நடக்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகசூல் எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

நம்ம இயற்கை விவசாயத்துக்கும் இதே முறைதான். ‘இயற்கை விவசாயத்தை அரசு ஊக்குவிக்கிறதா?’ என்று கேட்டால் எந்த அமைச்சரும் ‘ஆம்’ என்பார். 2024-25 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு 1.64 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மொத்தமே 2,481 கோடி. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, ‘இதில் கடலூர் மாவட்டத்துக்கு எவ்வளவு? எத்தனை ஏக்கர்?’ என்று கேளுங்கள். தமிழ்நாடு 2023 மார்ச்சில் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வெளியிட்டதே, அதில் சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வரிசையாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரிக்கப்படும்’ என்ற வார்த்தைகளைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். மக்களவையில் அந்த வார்த்தைகளே உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். நம்ம சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கும் வருகிறது. குழு வரும் நாளில் நம்ம கையில் மனு இருக்கக் கூடாது. ‘இந்தத் தேதியில் அமைச்சர் இப்படிச் சொன்னார், என்ன ஆச்சு?’ என்ற தாள் இருக்க வேண்டும்.

‘அங்கே தலைவரைப் புகழவே நேரம் போதலையே சார், நம்ம கேள்விய எவன் கேப்பான்?’ என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்விக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட குற்றத்துக்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்விக்கு என்ன விலை என்று காசு இருப்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டு வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் இருக்கிற காகிதத்தைத்தான் வாங்கலாம். ‘ஏன் செய்யவில்லை?’ என்று அமைச்சரைக் கேட்க அவையில்தான் முடியும்.

ஒவ்வொரு கிராமத்திலும் நாலு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ஒரு துறை, ஒரு ஊர், ஒரு வருஷம், எத்தனை, எவ்வளவு, ஏன் என்று இருக்கட்டும். பாஸ்புக் நகல், அடங்கல், போட்டோ எல்லாம் சேர்த்து, குறைந்தது ரெண்டு உறுப்பினர்களுக்காவது நேரில் கொடுங்கள். துணைக்கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து பேரவைக் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. கேட்டாரா, கேட்கவில்லையா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தை, மாசியில் மக்காச்சோளம் வீடு வந்து சேர்ந்துவிடும். பட்ஜெட்டும் மானியக் கோரிக்கையும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். கதிர் ஒடித்த கையோடு பேனாவையும் எடுங்கள்.