சாணைக்கல்லும் தண்ணீரும்

ஈஜிபுராவில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து கொணர்ந்த அரிவாள்மணை இன்றும் உண்டு. சென்ற திங்கள் நம் அன்னையாரின் மணையைத் தெருவோடு வந்த சாணைக்காரரிடம் கொடுத்தோம். மின்விசையில் சுழன்ற கல்லில் பொறி பறந்தது, குழந்தைகள் கைகொட்டினர், நாமும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாளே வாழைக்காய் நறுக்க வரவில்லை. உற்று நோக்கினால், அலகின் விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தது.

அந்நீலம் சூட்டின் தழும்பு. கொல்லர் தோய்ச்சல் கொடுத்த எஃகு, ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வெளிர்மஞ்சள் நிறம் கொள்ளும், 300 பாகையை நெருங்கினால் நீலமாகும், கடினமும் குறைந்துவிடும். மெல்லிய விளிம்பில் அவ்வளவு சூடேறக் கணப்பொழுது போதும். பிறகு தண்ணீரில் அமிழ்த்தினாலும் இழந்த உறுதி மீளாது.

நண்பர் ஒருவரின் தச்சுப் பட்டறையில் பழைய நீர்ச்சாணைப் பொறி ஒன்றுண்டு. கல் மெல்லச் சுழலும். அதன் அடிப்பாகம் தொட்டி நீரில் நனைந்தே மேலெழும். அலகு சூடேறாது, கல்லின் துளைகளும் இரும்புத்தூளால் அடைபடா. பொழுது மிகச் செல்லும். பொறியும் பறக்காது, குழந்தைகள் எழுந்து போய்விட்டனர்! வேலை முடிந்ததும் நண்பர் தொட்டியை வடித்துவிடுகிறார். இல்லையேல் மணற்கல் ஒருபுறம் மட்டும் ஊறி இளகி, ஏறியிறங்கிச் சுழலுமாம்.

நீலம் பாய்ந்த பகுதியை முற்றும் தேய்த்துக் களைந்ததும் உள்ளிருந்த நல்ல எஃகு வெளிப்பட்டது. அலகு ஒரு நெல்லகலம் குறைந்தது. தெருவில் சாணைக்குக் கொடுக்கும் தாய்மார்கள், ஒரு கிண்ணம் தண்ணீருடன் அருகிலேயே நின்று, இழுப்புக்கு இழுப்பு அலகை நனைக்கச் சொல்வார்களாக.