ஃபிட்டர் இல்லாத அசெம்பிளி

பத்து மைக்ரான் பிசகினாலே பீஸைத் திருப்பி அனுப்பும் ஊர் நம்முடையது. அந்தப் பத்து மைக்ரானில் டி.என்.ஏ. இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஐயாயிரம் நிற்கும். முறுக்கிய இழையின் தடிமன் இரண்டே நானோமீட்டர். அதை வைத்துப் பெட்டி செய்கிறார்கள் என்றேன், கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் நண்பரிடம். "செய்யட்டுமுங்க, ஆரு ஃபிட் பண்றது?" என்றார்.

யாரும் இல்லை. டி.என்.ஏ.வில் நான்கே எழுத்து. ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி. எந்தத் துண்டு எதோடு சேர வேண்டுமோ, அதை எழுத்து வரிசையிலேயே வைத்துவிடுகிறார்கள். உப்புக் கரைசலில் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் தாமாகவே கோத்துக்கொள்ளும். அமெரிக்காவின் நேட்ரியன் சீமன் 1982-ல் இந்த யோசனையை எழுதினார். 1991-ல்தான் கனசதுரம் கைகூடியது. மொத்த மூளையும் டிராயிங்கில்தான் செலவாகிறது.

எனக்குப் பிடித்தது பக்கத்து பெங்களூரில் நடந்த வேலை. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணனின் குழு, தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2009-ல் இருபது முகக் கூடு ஒன்றைக் கட்டியது. எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டவில்லை. முதலில் ஐந்து கை நீட்டிய முனைகள், மூன்று வகையாக. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஐந்து என்று சேர்ந்தால் அரைக்கூடு. பம்ப் செட் கம்பெனியில் சப்-அசெம்பிளி போடுவதேதான் இது. இரண்டு அரைக்கூடுகளும் மூடிக்கொள்ளும்போது கரைசலில் தங்க நானோ துகள்கள் இருந்தால் அவை உள்ளே சிக்கிக்கொள்ளும். நாளை தங்கத்தின் இடத்தில் மருந்தை வைக்கலாம் என்பது ஆசை.

ஆசைதான். உடம்புக்குள் டி.என்.ஏ.வை நறுக்கும் நொதிகள் ஏராளம்; கூடு தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் மருந்துப் பெட்டி என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

அதே குழு அதே ஆண்டில் செய்த அளவுமானியை மட்டும் தயங்காமல் மெச்சுவேன். ஐ-சுவிட்ச் என்று பெயர். புளிப்பு ஏறினால் டி.என்.ஏ. மடங்கும்; இரண்டு முனைகளிலும் ஒட்டிய சாயங்கள் நெருங்கும்; ஒளிரும் நிறம் மாறும். உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மை எவ்வளவு என்று அதைப் பார்த்தே படித்துவிடலாம். 2011-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அங்கேயும் சரியாகவே அளந்தது.